மயூரதனின் தோள் நோவு

மயூரதனின் வலது தோளில் ஒரு கோளாறும் இல்லை. டென்மார்க்கின் குடெனோ ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டு, வந்த நேரத்திலிருந்து அந்தக் கையால்தான் தூண்டில் வீசிக்கொண்டிருந்தான். பூச்சித் தூண்டிலுக்குப் புழுவும் வேண்டாம், ஈயக்கட்டியும் வேண்டாம். இறகும் நூலும் சுற்றிய ஒரு பொய்ப் பூச்சி போதும். ஆனால் தூண்டில் நூலைத் தலைக்கு மேலே பின்னும் முன்னும் ஆட்டி ஆட்டித்தான் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். தோள் நொந்தவன் செய்யக்கூடிய வேலையில்லை.

தோள் நோவு என்று அவன் பொய் சொன்னது பூபாலசிங்கத்திடம்.

பூபாலசிங்கம் அவனைவிடச் சில வயது மூத்தவர். இருவருக்கும் சில்க்போர்க்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. கோடை பிறந்தால் வேலை முடிந்த கையோடு ஆற்றுக்கு ஓடுவார்கள். டேனிஷ்காரர்கள் மார்புவரை ரப்பர் காற்சட்டை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். இவர்கள் அரைக்காற்சட்டையும் பழைய சப்பாத்துமாக அப்படியே இறங்கிவிடுவார்கள். "மட்டக்களப்பான் தண்ணிக்குள்ளை இறங்க ரப்பர் போடுறவனோ?" என்பார் பூபாலசிங்கம். குளிரில் அவருடைய பல் கிட்டும், ஆனாலும் சொல்லாமல் விடமாட்டார். இருவரும் தேடுவது அபோர என்ற மீனை. பாஸ் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். உடம்பில் கறுப்பு வரி, சிவந்த செட்டை, முதுகில் முள். குழம்புக்கு அதை அடிக்க வேறு மீன் இல்லை.

இந்த வருடம் பங்குனியில் பூபாலசிங்கத்துக்கு நெஞ்சடைப்பு வந்தது. ஓகூஸ் நகர ஆஸ்பத்திரியில், அடைத்த இரத்தக் குழாய் திறந்து நிற்க உள்ளே சின்னக் கம்பி வலை வைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், களைக்கிற வேலை ஒன்றும் இப்போதைக்குக் கூடாது என்றார்கள். அவர் வீடு திரும்பிய அடுத்த வாரம், அவருடைய மனைவி திரேசா தனியாக மயூரதன் வீட்டுக்கு வந்தாள்.

"தம்பி, நீங்கள் தூண்டிலைத் தூக்கினா அவர் வீட்டிலை நிக்கமாட்டார். அந்தக் குளிர்தண்ணியிலை காலை வைச்சு ஏதும் நடந்தா நான் என்ன செய்ய? இந்த வருஷம் நீங்களும் போறேல்ல எண்டு சொல்லுங்கோ."

கண் கலங்கி நிற்கிறவளிடம் எப்படி மறுப்பது? "ஓம் அக்கா" என்றான். அதோடு வாயை மூடியிருந்தால் பரவாயில்லை. ஏன் போகவில்லை என்று பூபாலசிங்கம் கேட்டபோது, தோள் நோவு என்று வாயில் வந்ததைச் சொல்லித் தொலைத்தான்.

மறுநாளே மனிதர் ஊர் எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார். சட்டையைக் கழற்றச் சொல்லித் தன் கையாலேயே தேய்த்துவிட்டார். நெஞ்சில் வலை வைத்தவர் மூச்சு வாங்க வாங்கத் தேய்க்க, ஒரு நோயும் இல்லாதவன் குப்புறப் படுத்திருந்தான்.

"நோகுதோ?"

"ஓம் அண்ணை."

அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆனி மாதத்தில் சங்க்ட் ஹான்ஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகைக்கு முன்னர் வீட்டு வேலிச் செடியை வெட்டிவிட வேண்டும் என்பது இந்த நாட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். தெருவில் எல்லா வேலியும் தலை வாரி நிற்க, மயூரதனுடையது மட்டும் பரட்டையாகக் கிடந்தது. தோள் நோவுக்காரன் வேலி வெட்டுவதைப் பூபாலசிங்கம் கண்டால் என்ன ஆவது? அவனுடைய மனைவி கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள். "பொய் சொல்லுறதெண்டா வீட்டு வேலையைக் கெடுக்காத பொய்யாச் சொல்லத் தெரியாதோ உங்களுக்கு?"

வேலி வெட்டப் பயந்தவன் தூண்டில் போட எப்படித் துணிந்தான் என்று கேட்பீர்கள். வேலி தெருவில் நிற்கிறது, ஆறு மரங்களுக்குள் ஒளிந்து ஓடுகிறது. அந்தத் துணிவுதான். வெயில் ஏற ஏற அவனுக்கு ஆற்று நினைப்புத் தாங்க முடியவில்லை. முதல் முறை போனபோது இதுதான் கடைசி என்று தனக்கே சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு சத்தியம் செய்வதையும் விட்டுவிட்டான்.

ஆற்றின் வளைவில், தண்ணீருக்குள் சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆழம் உண்டு. அது பூபாலசிங்கத்தின் இடம். அவர் இல்லாமல் வந்த நாட்களிலும் மயூரதன் அந்தப் பக்கம் வீசியதில்லை. அதையாவது விட்டுவைத்தேன் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வான். இன்றைக்கோ வேறெங்கும் ஒன்றும் கடிக்கவில்லை. மெல்ல மெல்ல நகர்ந்து அந்த இடத்திலேயே போய் நின்றான். கால் வைத்தவுடன், கூழாங்கற்களுக்கு நடுவே அவர் வழக்கமாக நிற்கும் தட்டைக்கல் தட்டுப்பட்டது. கூச்சமாக இருந்தது. ஆனாலும் வீசினான்.

மீன் உடனே இழுத்தது. இந்தக் கோடையிலேயே பெரியது அதுதான். பிறகும் இரண்டு கிடைத்தன. களவெடுத்த வீட்டில் கறியும் சாப்பிட்டவன் போல அவன் கரையேறி, மீன்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஈரச் சப்பாத்தோடு காரை ஓட்டி வீட்டுக்கு வந்தான். கோகிலா வேலைக்குப் போயிருந்தாள். யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடலாம் என்ற நினைப்பு.

வேலியில் பாதி வெட்டப்பட்டிருந்தது. ஏணியின் மேல் படியில், இரண்டு கையாலும் பெரிய கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூபாலசிங்கம் நின்றார்.

"அண்ணை! இறங்குங்கோ!"

பையோடேயே ஓடிப்போய் அவரைப் பிடித்து இறக்கினான். சட்டை முழுக்க வியர்வை. முகம் வெளுத்திருந்தது. புல்லில் உட்கார வைத்தான்.

"நெஞ்சு நோகுதோ? ஆஸ்பத்திரிக்குப் போன் அடிக்கட்டோ?"

"நோகேல்ல. களைப்புத்தான். உன்ரை தோளோடை நீ இதை எப்ப வெட்டி முடிக்கிறது எண்டுதான்..."

அவருடைய கண் மயூரதனின் ஈர அரைக்காற்சட்டைக்குப் போனது, சப்பாத்துக்குப் போனது, கடைசியில் வலது கையில் இருந்த பையில் நின்றது. உள்ளே ஒரு மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"ஆரோடை போனனீ?"

"தனியத்தான் அண்ணை."

அந்த நேரம் பார்த்து மயூரதனின் தொலைபேசி அடித்தது. திரேசா. பூபாலசிங்கம் பெயரைக் கண்டுவிட்டுக் கையை ஆட்டினார். "நான் இஞ்சை இல்லை எண்டு சொல்லு."

"தம்பி, இவர் நடந்திட்டு வாறன் எண்டு போனவர், இன்னும் காணேல்ல. தனிய ஆத்துப் பக்கம் போயிருப்பாரோ எண்டு எனக்குக் கை கால் ஓடேல்ல."

இன்னொரு பொய் சொல்ல மயூரதனுக்கு வரவில்லை. அல்லது தைரியம் போய்விட்டது.

"அவர் ஆத்துக்குப் போகேல்ல அக்கா. நான்தான் போனனான். எனக்குத் தோள் ஏலாதெண்டு நம்பி, அவர் இஞ்சை ஏணியிலை ஏறி என்ரை வேலியை வெட்டிக்கொண்டு நிண்டவர்."

"கர்த்தரே" என்றாள் திரேசா. "அசையாமல் இருத்தி வைச்சிருங்கோ. வாறன்."

பூபாலசிங்கத்துக்கு விளங்கிவிட்டது. "அவளும் சேந்துதானோ?"

"உங்கடை நன்மைக்குத்தான் அண்ணை. தண்ணியிலை நீங்கள்..." பையைப் புல்லில் போட்டான். "நான் போயிருக்கக்கூடாது. உங்கடை இடத்திலைகூட நிண்டிட்டன்."

அவர் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசுவார், அடிப்பார் என்றுதான் மயூரதன் தலையைக் குனிந்து நின்றான். பூபாலசிங்கம் மேல்சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிறுபிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"கரையிலை ஒரு கதிரையைப் போட்டு, இதிலை இரும், தண்ணியிலை காலை வைச்சாத் தெரியும் எண்டு சொல்லியிருந்தா, நான் இருந்திருப்பனேடா. நீ வீசுறதைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பன். என்னட்டை ஒரு வார்த்தை ஆரும் கேக்கேல்ல."