அத்தான் ஊதவில்லை

என் அக்காவின் கணவர் குடிக்க மாட்டார். இருமல் மருந்தையே மோந்து பார்த்து, இதில் ஏதோ இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டு விடிய விடிய இருமுகிற ரகம். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் பதினான்கு பிள்ளைகள், சாயங்காலம் அதே பதினான்கு பிள்ளைகள். அப்படிப்பட்ட மனிதர் மேல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்கு விழுந்தது. அதற்குக் காரணம் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் குத்திக் காட்ட வேண்டாம். அக்கா குத்திய குத்தே போதும்.

நான் வக்கீல். என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் குடித்து மாட்டியவர்கள் இல்லை, பேசி மாட்டியவர்கள். போலீஸ் கையைக் காட்டி நிறுத்தியதும், "ஒரே ஒரு பீர்தான் சார், அதுவும் மத்தியானம், அதுவும் மேனேஜர் வற்புறுத்தினாருன்னுதான்" என்று கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, பிறகு என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில்தான் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினேன். டிரைவிங் ஸ்கூல் மாடியில் ஓர் அறை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. குடிபோதைச் சோதனைக்காக நிறுத்தினால் வண்டி ஓட்டுகிறவருக்கு என்னென்ன உரிமை உண்டு என்பது பாடம். லைசென்ஸ் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம்கூட வாங்கி வைத்திருந்தேன்.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றுதான் ஆரம்பிப்பேன். அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு லாரி டிரைவர் கையைத் தூக்கினார்.

"மேடம், நாலு கிளாஸ் உள்ள போயிருந்தா என்ன சொல்லித் தப்பிக்கறது?"

"'டாக்ஸி!'ன்னு கூப்பிட்டு, அதுல ஏறித் தப்பிக்கறது. குடிச்சவனைக் காப்பாத்த நான் இங்க தொண்டை கிழியக் கத்தலை. குடிக்காதவன் உளறி மாட்டக் கூடாதுன்னு கத்தறேன். உக்காருங்க."

முன்வரிசையில் அத்தான். வீட்டுப் பெண் பேசுகிறாள் என்ற பெருமையில் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். நான் சொல்வதற்கெல்லாம் திரும்பிப் பார்த்து மற்றவர்களுக்குத் தலையாட்டினார். இடைவேளைக்கு முன்னால், எதையெல்லாம் மறுக்கலாம் என்று சொன்னேன். எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்றால் பதில் சொல்லத் தேவையில்லை. கோட்டில் நட, ஒற்றைக் காலில் நில் என்றால் மறுக்கலாம். "அவங்க என்ன கேட்டாலும் கோபப்படாதீங்க, மரியாதையா, சிரிச்ச முகத்தோட மறுங்க" என்றேன். கையடக்கமாக ஓர் அட்டை அடித்து, லேமினேட் செய்து, அங்கேயே எல்லோருக்கும் கொடுத்தேன். முன்பக்கம் மறுக்கக் கூடியவை. பின்பக்கம் மறுக்கக் கூடாதவை. பின்பக்கத்தை இடைவேளைக்கு அப்புறம் விளக்கினேன். லைசென்ஸைக் காட்டித்தான் ஆக வேண்டும். மிஷினில் ஊதித்தான் ஆக வேண்டும். எங்கள் சட்டப்படி, ஊத மறுத்தவனும் குடித்தவனும் ஒன்று. ஊதியபின் இரண்டாவது சோதனை கேட்கலாம், முடிவு அச்சாகி வரும் சீட்டின் நகல் கேட்கலாம்.

என் பார்வையில் அருமையான வகுப்பு.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போக்குவரத்துக் காவல் நிலையத்திலிருந்து போன். ஓடினேன். அத்தான் பெஞ்சில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின முகம்.

"என்ன அத்தான் பண்ணித் தொலைச்சீங்க?"

"நீ சொன்னதை அச்சு பிசகாம பண்ணினேன்மா. சும்மா சொல்லக் கூடாது, பேசாம இருக்கறது ரொம்பக் கஷ்டம். இப்ப பேசலாமா?"

பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பும்போது நிறுத்தியிருக்கிறார்கள். சாதாரணமாக அத்தானை யாராவது நிறுத்தினால் ஐந்தே நிமிஷத்தில் நிறுத்தியவரின் பிள்ளை எந்த வகுப்பு, மாமியாருக்கு எந்த முழங்கால் வலி என்பது வரை கேட்டுவிடுவார். தாங்க முடியாமல் அவர்களே "போங்க சார்" என்று அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு மனிதர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றால் சிரிப்பு. இறங்கி நடந்து காட்டுங்கள் என்றால் டாஷ்போர்டைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சிரிப்பு. நிறுத்திய போலீஸ் அம்மாவின் அறிக்கையை வாங்கிப் படித்தேன். "ஓட்டுநர் எந்தக் கேள்விக்கும் பதில் கூறவில்லை. காரணமின்றித் தொடர்ந்து சிரித்தார். மூச்சுச் சோதனைக்கு உடன்பட மறுத்தார்."

அறிக்கையை அவர் முன்னால் நீட்டினேன்.

"அத்தான், ஊதினீங்களா இல்லையா?"

"ஊதுவேனா? என்னை என்னன்னு நினைச்ச?"

"மறுத்தா குத்தம்னு அந்தம்மா சொல்லலையா?"

"மூணு தடவை சொன்னாங்க. அவங்களும் ஓர் அட்டை வெச்சுக்கிட்டுப் பார்த்துப் பார்த்துதான் படிச்சாங்க. நானும் என் அட்டையைப் பார்த்து மூணு தடவை சிரிச்சேன்."

வேனுக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், டாஷ்போர்டில், என் அட்டை. பசை போட்டு ஒட்டியிருந்தது. முன்பக்கம் பளபளவென்று தெரிந்தது.

"நல்ல பசைம்மா. பாலமே இடிஞ்சாலும் இது அசையாது."

"இதோட பின்பக்கம்?"

"பின்பக்கம்னு ஒண்ணு இருக்கா?"

"இடைவேளைக்கு அப்புறம் கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே அத்தான்! எங்க போனீங்க?"

வேன் கேட்டை மறைக்கிறது என்று வாட்ச்மேன் கூப்பிட்டிருக்கிறார். வண்டியை நகர்த்தியதும் வந்திருப்பாராம். ஆனால் அந்த வாட்ச்மேனின் மருமகன் வெளியூரில் வேலை தேடுகிறானாம். அந்தக் கதை முடிவதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. நான் அத்தானைத் திட்டிய திட்டில் நிலையத்து வாசலில் நின்ற இரண்டு பேர் தங்களைத்தான் திட்டுகிறேன் என்று நகர்ந்து போனார்கள்.

திட்டி முடித்து வீட்டுக்கு வந்தபின்தான் எனக்கு உறைத்தது. வண்டி ஓட்டுகிறவன் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தால் அவன் அதை ஒட்டத்தான் செய்வான். ஒட்டினால் ஒரு பக்கம்தான் தெரியும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும்; வாய் கிழியப் பேசுகிற வக்கீலுக்குத் தெரியவில்லை. வகுப்புக்கு வந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் போன் போட்டேன். பதினேழு பேர் ஒட்டியிருந்தார்கள். ஒருவர் மட்டும் பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தார். அவர் ஊதுவார், ஆனால் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நாள் முழுக்க நிற்பார்.

அத்தானின் லைசென்ஸை எடுத்து வைத்துக்கொண்டார்கள். இருபது நாளில் விசாரணை. மறுத்தது உறுதியானால் ஒரு வருடம் வண்டியைத் தொட முடியாது. அதைவிடப் பெரிய இடி பெற்றோர்களிடமிருந்து வந்தது. விஷயம் பதினான்கு வீட்டுக்கும் பரவிவிட்டது. இரட்டைப் பையன்களின் அம்மா ஒருத்தி, வங்கியில் வேலை பார்ப்பவள், அதிகம் பேசாதவள். அவள் விசாரணைக்கு நேரில் வந்து கேட்டுவிட்டுச் சொல்வது என்றும், அதன்பிறகு வேறு வேனுக்கு மாறுவதா என்று முடிவெடுப்பது என்றும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

"லைசென்ஸ் போனா போகட்டும்மா. அந்தப் பிள்ளைங்க என்னைக் குடிகாரன்னு நினைச்சுட்டா நான் எந்த முகத்தோட அந்தத் தெருவுல நடப்பேன்?" என்றார் அத்தான். அதற்குமேல் பேசவில்லை. அத்தான் பேசாமலிருப்பதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எதிரில் நின்றுகொண்டே, "தங்கச்சியை நம்பி மோசம் போன குடும்பம்னு வக்கீலம்மாகிட்டச் சொல்லுங்க" என்று புருஷன் மூலமாகச் சேதி அனுப்பினாள்.

விசாரணை நாள் வந்தது. லைசென்ஸ் அலுவலகத்தில் சின்ன அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் அத்தான், நான், அக்கா. ஓரத்தில் போலீஸ் அம்மா, மடியில் அந்த ஊதுகிற மிஷின். பின்னால் இரட்டையர்களின் அம்மா, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி.

உண்மையைச் சொல்கிறேன், என்னிடம் வாதமே இல்லை. எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று சொல்லலாம் என்றால், மூன்று முறை கொடுத்த எச்சரிக்கை போலீஸ் காமிராவில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. மிச்சமிருந்தது ஒரே வழி: தவறான பாடத்தை நம்பி மறுத்தார் என்பது. அதைச் சொன்னால் பாடம் நடத்தியது யார் என்ற கேள்வி வரும். என் வகுப்புக்கு அனுமதி கொடுத்ததே இந்த அதிகாரிதான். இருபது நாளாக நான் வேறு வழி தேடிக்கொண்டிருந்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "டாஷ்போர்டுல ஏதோ அட்டையைக் காட்டினீங்கன்னு இருக்கே. என்ன அட்டை அது?"

அத்தான் மேஜையைப் பார்த்தார்.

"எங்க அது?"

"கிழிஞ்சு போச்சு சார்."

"யார் கொடுத்தது?"

அத்தான் மரியாதையாகச் சிரித்தார்.

"இதேதான் சார்! அன்னைக்கும் இப்படியேதான் சிரிச்சாரு!" என்று போலீஸ் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

மேஜை மேல் இருந்த அத்தானின் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பாகப் பசை. பக்கத்து விரலில் கத்தி கிழித்த காயம். பாலம் இடிந்தாலும் அசையாத அந்த அட்டையை உட்கார்ந்து சுரண்டி எடுத்திருக்கிறார். என் பெயர் வெளியே வரக் கூடாது என்பதற்காக, தன்னைக் காப்பாற்றக் கூடிய ஒரே சாட்சியத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கும் அழுகைக்கும் அளவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், நான் இவரோட வக்கீல் மட்டுமில்லை, மச்சினி. அந்த அட்டையை அடிச்சுக் கொடுத்தவளும் நான்தான்."

"ஏய், நீ சும்மா இரும்மா" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க. சும்மா இருந்து கெட்டது போதும்." பையிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். வகுப்பு, இடைவேளை, வாட்ச்மேன் மருமகன், பசை, பதினேழு வண்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன்.

அதிகாரி அட்டையின் முன்பக்கத்தைப் படித்தார். திருப்பினார். பின்பக்கத்தைப் படித்தார். மறுபடி திருப்பினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒட்டிட்டா?"

"ஒட்டிட்டா அரைக் கிணறு தாண்டின கதைதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாம மறுத்தாலும் மறுத்தது மறுத்ததுதான். ஆனா இது முதல் தடவை, நம்பி ஏமாந்திருக்காரு. ஒரு வருஷத்துக்குப் பதிலா ஒரு மாசம். உங்க வகுப்பு இன்னையோட நிறுத்தம். எல்லாம் ஒரே பக்கத்துல வர்ற மாதிரி அட்டை அடிச்சுக் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்."

பன்னிரண்டு மாதம் ஒரு மாதமானது. நான் மூச்சு விட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப இவர் குடிச்சிருந்தாரா இல்லையா? அதை யாருமே சொல்லலையே?"

இரட்டையர்களின் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"இங்க அது கேள்வி இல்லைம்மா. மறுத்தாரா இல்லையாங்கறதுதான் கேள்வி" என்றார் அதிகாரி.

"எங்களுக்கு அதுதான் சார் கேள்வி."

என்னிடம் சட்டத்தில் பதில் இருந்தது, அவளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. அத்தான் மெதுவாக எழுந்து போலீஸ் அம்மாவிடம் போனார்.

"அந்த மிஷினைக் கொஞ்சம் கொடுங்கம்மா."

போலீஸ் அம்மா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். இருபது நாள் கழித்து ஊதுவதால் வழக்கில் ஒரு பயனும் கிடையாது. வக்கீலாக நான் தடுத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். போலீஸ் அம்மா புதுக் குழாயை மாட்டி நீட்டினார். அத்தான் ஊதினார். முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, மிஷின் போதும் என்று சத்தம் போட்ட பிறகும் விடாமல் ஊதினார். "போதும் சார், விடுங்க" என்று போலீஸ் அம்மாதான் பிடுங்க வேண்டியிருந்தது.

பூஜ்யம்.

அத்தான் அதை வாங்கிக் கொண்டுபோய் இரட்டையர்களின் அம்மாவிடம் காட்டினார். "இது இன்னைக்குள்ளதும்மா. அன்னைக்குள்ளதைக் காட்ட என்கிட்ட ஒண்ணுமில்லை" என்றார்.

அவள் மிஷினைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் எங்க சின்னவன் டைனோசர் எப்படி அழிஞ்சுதுன்னு ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தான். காலையில ஸ்கூலுக்குப் போற வழியில நீங்க சொன்னீங்களாம். ஒண்ணு விடாம, வரிசையா. குடிச்சவனால அவ்வளவு கோர்வையா சொல்ல முடியாது. இதை நான் மத்த வீட்டுலயும் சொல்றேன்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒரு மாசம் நாங்களே பசங்களைக் கொண்டுபோய் விட்டுக்கறோம். வேற வேனுக்குச் சொல்லலை."

அத்தான் அழுதார். அத்தனை பேர் முன்னாலும், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். அக்கா அழுதாள், நானும் அழுதேன். போலீஸ் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஒரு மாசம் முடிஞ்ச மறுநாளு, ஏழேகாலுக்கு வாசல்ல நிப்பேம்மா" என்றார் அத்தான்.