சொல்லிக்காட்டாத வேலை

"உங்க கம்புக் கொல்லைதான்க்கா ஃபர்ஸ்ட்!" என்று கத்திக்கொண்டே இசைப்பிரியா அடுப்படிக்குள் ஓடி வந்தபோது, மலர்கொடி பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நெய்வேலியில் அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் பாத்திரம் தேய்க்க, கம்மாபுரம் பக்கமிருந்து அவள் ஆறு வருஷமாக பஸ் ஏறி வருகிறாள். அந்த வீட்டுப் பெண் இசைப்பிரியா விவசாயக் கல்லூரி மாணவி. மழையை மட்டும் நம்பிய பத்துக் கொல்லைகளில் எவ்வளவு டீசலும் உழைப்பும் போட்டு எவ்வளவு தானியம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது அவளுடைய படிப்பு வேலை. ஆடியில் விதைத்த நாள்முதல் மலர்கொடியை வாராவாரம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"கொஞ்சமா சக்தி செலவழிச்சு இவ்ளோ விளைச்சல்! வெள்ளிக்கிழமை காலேஜ்ல நீங்க பேசணும். எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லுங்க."

மலர்கொடிக்குக் கை ஓடவில்லை. எப்படி முடிந்தது என்று அவளுக்கா தெரியாது?

அவள் சொன்னதெல்லாம் உழவு ஓட்டிய டிராக்டரும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும்தான். புருஷன் குழந்தைவேல் பாடுபட்டதைச் சொல்லவே இல்லை. அவனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டு, களைக்கொத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவான். தூங்கு என்றால் கேட்கிற ஜென்மமா அது? முதல் வாரமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "நம்ம கொல்லையில நாம பாடுபடறத ஒருத்தருகிட்ட சொல்லிக்காட்டக் கூடாது. கூலியாளு வேலய மட்டும் சொல்லு." அவன் அப்பன் வழி வந்த வீம்பு அது.

ஆவணியில் ஒருநாள், களை கொத்திக்கொண்டிருந்தவன் கூலிப் பெண்களின் கண்ணெதிரே அப்படியே குப்புற விழுந்தான். அவள் சோற்றுத் தூக்கோடு போனபோது மூச்சில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். துக்கத்துக்கு வந்து இசைப்பிரியாவும் அழுதாள்; எங்கே விழுந்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்துப் பக்கத்திலும், களையெடுத்தது இரண்டு பெண்கள் என்றுதான் இருக்கிறது.

மலர்கொடி கையைக் கழுவினாள்.

"பாப்பா, அந்த நோட்ட எடுத்துகினு வா. அவரு வேல செஞ்சத நான் சொல்லல. சேத்து எழுது."

விஷயத்தைக் கேட்டதும் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. "அக்கா... அதைச் சேர்த்தா ஃபர்ஸ்ட் போயிடும்."

"போவட்டும். அவரே பூட்டாரு."

"நீங்க செஞ்ச வேலை?"

"என்னுத வுடு. அவர்து எழுது."

இசைப்பிரியா நோட்டைப் பிரித்தாள். கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. "எத்தனை நாள்க்கா?"

மலர்கொடி விரல் மடக்கி எண்ணினாள். விதைப்பு, முதல் களை, நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைத்தது, இரண்டாம் களை. ஒவ்வொரு காலையும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"முப்பத்தோரு நாளு. தெனம் ஏழு மணிலேர்ந்து பதினோரு மணி வரைக்கும், நாலு மணி நேரம்."

இசைப்பிரியா எழுதப் போனாள். மலர்கொடி அவள் கையைப் பிடித்தாள்.

"கடைசி நாளுக்கு மட்டும் மூணு போடு பாப்பா. அன்னிக்குப் பத்து மணிக்கே வுழுந்துட்டாரு."