பிரிக்பீல்ட்ஸில் விழுந்த ஆறுமணிக்குருவி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வீம்பில். ஷா ஆலம் பக்கத்துக் காட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் குருவி பார்க்கப் போகும் எங்கள் கூட்டத்தில் தனலெட்சுமி என்றொரு பெண் இருக்கிறாள். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். கேள்வி கேட்காமல் அவளால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. போன மாதம் ஒரு நீலச்சிறகுக் குருவியைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே, "அங்கிள், நமக்கு முன்னால இங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இப்படிக் குருவி பார்த்தாங்களா லா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "ஏன் இல்லாம, நிறையப் பேரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைக் காப்பாற்ற இப்போது ஆட்களை உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வாசகரே, இதில் வருகிற மனிதர்கள், அவர்கள் போகிற அலுவலகம், கடிதம் போடுகிற அருங்காட்சியகம், எல்லாம் நான் செய்தவை. குருவி மட்டும் நிசம்.

2

முதல் தொடக்கம்: "1930களில் ஒரு மாலை, அந்திச் சூரியன் கிள்ளான் ஆற்றில்

(நிறுத்திவிட்டேன். சூரியனை வைத்துத் தொடங்கிய என் கதை எதுவும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "சிவசம்பு நல்லவர்."

(இதுவும் வேண்டாம். நல்லவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு அவர் செய்வதற்கு என்ன இருக்கிறது?)

மூன்றாவது. 1930களின் மலாயா, ஐப்பசி மாதம், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. முற்றம் கூட்டக் கதவைத் திறந்த குணபூசணி, சுவரோரம் ஒரு குருவி விழுந்து கிடப்பதைக் கண்டாள். பச்சை முதுகு, வெளிறிய மஞ்சள் வயிறு, வாலடியில் நல்ல குங்குமச் சிவப்பு. உயிர் இருந்தது. துணியில் சுற்றி, மரக்கறிக் கூடையில் வைத்து மூடினாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் குருவிகள் மழைக்காலத்தில் வடக்கேயிருந்து இரவில் பறந்து வரும். விளக்கு வெளிச்சத்தில் குழம்பிச் சுவரில் மோதும். இப்போது நம் அடுக்குமாடிகளிலும் மோதுகின்றன. கையில் கிடைத்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தனலெட்சுமி போடச் சொன்னாள், போட்டுவிட்டேன்.)

3

குணபூசணியின் கணவர் சிவசம்பு இரயில்வே கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கிளார்க்கு, யாழ்ப்பாணத்துக்காரர். மலாயாவில் நல்லதாக எதைக் கண்டாலும் அது யாழ்ப்பாணத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கூடைக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது எங்கட ஆறுமணிக்குருவியெல்லோ. கடல் தாண்டி வந்திருக்கு."

ஆறுமணிக்குருவி அந்தி ஆறு மணி வாக்கில் கூப்பிடுகிற குருவி. யாழ்ப்பாணத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. வம்பு அங்கேதான் வந்தது. அவரோடு ஞாயிறுதோறும் ஆற்றோரம் குருவி பார்க்கக் கிள்ளானிலிருந்து இரயிலேறி வரும் பக்கிரிசாமி அப்போதுதான் உள்ளே நுழைந்தார். அவர் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், நாகப்பட்டினத்துக்காரர்.

"என்னண்ணே சொல்றீங்க? இது எங்க ஊருக் குருவி. சாயங்காலமானா கோடியக்கரைப் பக்கம் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கும்."

"வாத்தியார், அது எங்கட ஊருக்குப் போற வழியில உங்கட ஊரில இளைப்பாறுறது."

"அப்ப உங்க ஊருக்கு விருந்தாளி. எங்க ஊருக்குச் சொந்தம்."

"நீங்கள் ரெண்டு பேரும் ஊரில இதைக் கிட்டத்தில கண்டிருக்கிறியளோ?" என்று கேட்டாள் குணபூசணி.

இருவரும் கூடைக்குள் இன்னொரு முறை குனிந்து பார்த்தார்கள். ஊரில் அதன் குரலைக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

(உங்களிடம் மறைப்பானேன். அது இரண்டு ஊருடையதும் இல்லை. பர்மா, சயாம் பக்கமிருந்து வருகிற அதன் ஒன்றுவிட்ட சகோதரன். மலாய்க்காரர்கள் இந்த வகைக் குருவிகளைப் பாச்சாட் என்பார்கள். அவர்களைக் கேட்போம் என்று இந்த இரண்டு மேதைகளுக்கும் தோன்றவேயில்லை. திட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. கப்பலேறி வந்தவர்கள், தங்களைப்போலவே கடல் தாண்டிய ஒன்று வந்துவிட்டதென்று ஆசைப்பட்டுவிட்டார்கள்.)

4

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். போன வருடம் சிவசம்பு தான் கண்ட ஓர் அபூர்வப் பறவையைப் பற்றி அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரு கிளார்க்கின் கண் சாட்சியாகாது, தோலை அனுப்பவும் என்று பதில் வந்தது. அந்தக் காலத்து வழக்கம் அது. தோல் உரித்துப் பஞ்சடைத்து அனுப்பினால்தான் பறவை, இல்லாவிட்டால் வெறும் பேச்சு. அலுவலகத்துத் துரை அதை எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து பக்கத்து மேசைக்காரர்கூட "இண்டைக்கு என்ன, கருடனைக் கண்டீரோ?" என்று கேட்காத நாளில்லை.

இன்று குருவி கையிலேயே இருக்கிறது. துப்பாக்கியும் வேண்டாம். தோல் பதப்படுத்தும் ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தார்: இரண்டு சிறகுக்கும் அடியில் விரல் கொடுத்து மார்பை அழுத்திப் பிடித்தால் போதும், மூச்சு நின்றுவிடும், ஓர் இறகும் கெடாது.

"நாளைக்கே தோலை அனுப்பினா, இனி ஒருத்தனும் என்ர கண்ணைப் பொய்யெண்டு சொல்லேலாது" என்றார்.

5

குணபூசணியின் கண்கள் குளமாகி

(இல்லை. இந்தப் பெண் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அழுகிறவள் இல்லை. கிள்ளான் நண்டை உயிரோடு வாங்கி, பேசிக்கொண்டே காலை முறிப்பவள். பிறகு இந்தக் குருவிக்கு மட்டும் ஏன்? அவளையே கேட்கவிட்டேன்.)

"நண்டைத் தின்னுறதுக்குக் கொல்லுறன். இதை நீங்கள் தின்னப் போறியளோ?"

"இது விஞ்ஞானம், குணம்."

"விஞ்ஞானமெண்டா முதல்ல வடிவாப் பாருங்கோ. அளவுங்கோ. படமாக் கீறுங்கோ."

அவள் துணியோடு பிடித்துக்கொண்டாள். சிவசம்பு அடிக்கோலால் சிறகை அளந்தார். பக்கிரிசாமி படம் வரைந்தார். கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, சிறகை விரித்ததும் பளீரென்று வந்த நீலம். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் பார்த்ததெல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஈடாகாது. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தப் பகுதியிலேயே உட்கார்ந்துவிடலாம் போல எனக்கு இருந்தது.

"அண்ணே, ஊர்ல இருக்கறதுக்கு இவ்வளவு நீலம் இருக்குமா?" என்றார் பக்கிரிசாமி. குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"தெரியேல்லை" என்றார் சிவசம்பு. அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அதை அறியத்தான் தோல் வேணும். படத்தை அவங்கள் குப்பையில போடுவாங்கள்" என்றார்.

"அது சரிதான் அண்ணி" என்றார் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு.

6

முடிவு ஒன்று: தோல் போகிறது. இது இங்கே வழக்கமாக வரும் குருவி என்று பதில் வருகிறது. ஆனாலும் அருங்காட்சியகத்தில் தோலோடு கட்டிய ஒரு சிறு சீட்டில் சிவசம்புவின் பெயர் ஏறுகிறது. துரை சிரிப்பதை நிறுத்துகிறார்.

முடிவு இரண்டு: பறக்கவிடுகிறார். சிரிப்பு தொடர்கிறது. தனலெட்சுமிக்கு இதுதான் பிடிக்கும். அவளுக்கென்ன, அவளிடம் கேமரா இருக்கிறது, அவள் கண்ணை யார் சந்தேகப்படப் போகிறார்கள்.

முடிவு மூன்று: குருவி தானாகவே செத்து

(கோழைத்தனம். கிழித்துப் போட்டேன்.)

7

சிவசம்பு துணியை விலக்கிக் குருவியைக் கையில் வாங்கினார். பெருவிரலும் சுட்டுவிரலும் சிறகுகளின் அடியில் போய்ச் சேர்ந்தன. பக்கிரிசாமி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதின்ர நெஞ்சு கடகடவெண்டு அடிக்குது" என்றார் சிவசம்பு.

"காலமை நான் துணியில சுத்தேக்கயும் அடிச்சது" என்றாள் குணபூசணி. "நாளைக்குக் கந்தோரில அவங்கள் சிரிப்பாங்கள். நீங்கள் சாப்பிடாமல் வந்து படுப்பியள். அதுவும் எனக்குத் தெரியும். நான் ஒண்டும் சொல்லமாட்டன். உங்கட கை, நீங்களே பாருங்கோ."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அந்த மனிதர் மேலும் எனக்கு ஆசை, குருவி மேலும் ஆசை. ஆகவே அவர் கையை உங்களிடம் தருகிறேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் எதிரெதிரே பிடியுங்கள், நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் அளவு இடம் விட்டு. வெதுவெதுப்பாக, உள்ளே குருவியின் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியவரும் நீங்கள்தான். அவசரமில்லை, குணபூசணி பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.