சாக்கு மூடிய கூண்டு

பௌர்ணமி அன்று காலை, தோட்டத்தில் கூண்டுக் கதவு 'டமார்' என்று விழுந்த சத்தம் கேட்டதும் அருணாதேவிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். "மாட்டிக்கிச்சுங்க!" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடினாள். கூண்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. அவள் எதிர்பார்த்தது அந்தப் பெரிய பெண்குரங்கை. உள்ளே இருந்ததோ அதன் குட்டி. உரிக்காத வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பிகளில் மோதிக்கொண்டிருந்தது.

கொய்யா மரத்திலிருந்து தாய் குதித்தது. கூண்டின் மேல் ஏறிக் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கத்திய கத்தலில் அருணாதேவி உள்ளே ஓடிவந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி வீடு கட்டியவர்கள் குரங்கைக் குறை சொல்ல முடியாதுதான். சுற்றி வருகிறவர்கள் எல்லாரும் புண்ணியம் என்று பன்னும் பழமும் கொடுத்துப் பழக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். குரங்குக்குப் பக்தர் கை எது, பக்கத்து வீட்டு அடுப்படி எது என்று எப்படித் தெரியும்? கொய்யா போனது, பப்பாளி போனது, மாடியில் தொட்டியில் வைத்த தக்காளி பிஞ்சிலேயே போனது. அதற்கெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு விட்டிருப்பாள். ஆனால் போன வாரம் அந்தப் பெரிய குரங்கு படுக்கையறைக்குள் வந்துவிட்டது. கட்டிலில் இரண்டு மாதக் குழந்தை ஆதவன் தூங்கிக்கொண்டிருக்க, அவன் தலைமாட்டில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனது. தலையணை உறையில் செம்மண் கை பதிந்திருந்தது. அன்றிலிருந்து அவளால் நிம்மதியாகக் குளிக்கக்கூட முடியவில்லை.

வனத்துறையில் மனு கொடுக்கலாம் என்றான் புருஷன் மாறன். "மனு குடுத்து அவங்க வர்றதுக்குள்ள எம்புள்ள பள்ளிக்கூடமே போயிடுவான்" என்று சொல்லிவிட்டு அவளே கீழ்பென்னாத்தூர் கோபிக்குப் போன் போட்டாள். கோபி குரங்கு பிடிக்கிறவன். பிடித்ததைத் தூரமாகக் காட்டுப்பக்கம் கொண்டுபோய் விடுவான். முந்தின நாள் வந்து கூண்டை வைத்துவிட்டு, விழுந்ததும் கூப்பிடச் சொல்லியிருந்தான்.

கூப்பிட்டாள்.

"இன்னைக்கு எப்டிக்கா வர்றது? கிரிவலத்துக்கு ரோட்ட மூடிட்டாங்க, டவுனுக்குள்ளயே வண்டிய வுட மாட்டாங்க. நாளைக்குக் காலைல வந்துடறேன். தொறந்து மட்டும் வுட்டுடாதீங்க. குட்டி உள்ள இருந்துச்சுன்னா தாய் எங்கயும் போவாது. நாளைக்கு ரெண்டையும் சேத்துப் புடிச்சிடலாம்."

"குட்டிய மட்டும் அடச்சு வெச்சிக்கினு இன்னா பண்றது அருணா?" என்றான் மாறன். "பாவமா இருக்குது. தொறந்து வுட்டுடலாம்."

"யாரு தொறக்கறது? நீங்க போறீங்களா?"

மாறன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். தாய்க்குரங்கு கூண்டின் மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அவன் போகவில்லை.

வெயில் ஏறியதும் பாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் வேறொரு பயம் வந்தது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துபோன ஒரு அம்மாள் சத்தம் கேட்டு நின்றாள், எட்டிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அநியாயமா இருக்குதே, ஆஞ்சநேயர இப்டியா அடச்சு வெப்பாங்க?" என்றாள் உரக்க. பின்னால் வந்த இளைஞன் செல்போனைத் தூக்கினான். மற்ற நாட்களில் இந்த ஊரில் யார் எதைப் பிடித்தாலும் கேட்க ஆளில்லை. பௌர்ணமியன்று கேட்கிறவன் ஒருவன் நின்றால் அவனுக்குப் பின்னால் நூறு பேர் நிற்பார்கள்.

மாறன் ஒரு பட்டாசைக் கொளுத்திப் போட்டான். தாய் மிரண்டு சுவர் தாண்டிய நேரத்தில் கூண்டைத் தூக்கி மோட்டார் கொட்டகைக்குள் தள்ளினான். வெளியே சத்தம் கேட்கக் கூடாது என்று இரண்டு சாக்கை மேலே போர்த்திக் கதவைச் சாத்தினான். பிறகு வாசலில் மேஜை போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்கப் போய்விட்டான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி செய்கிற வியாபாரம், விட முடியுமா?

கொட்டகைக்கு மேலும் தகரம், பக்கமும் தகரம். உச்சி வெயிலில் உள்ளே கை வைக்க முடியாது. அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம்தான் பெரிதாகத் தெரிந்தது.

தாய் திரும்பி வந்தது. கொட்டகைக் கூரையில் ஏறித் தகரத்தை இரண்டு கையாலும் அடித்தது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் பதில் சொன்னது. அருணாதேவி ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு ஆதவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகரம் அதிரும்போதெல்லாம் அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆதவன் பால் குடித்து முடிக்கிற நேரத்தில் உள்ளே கேட்ட குரல் நின்றுவிட்டது. 'தூங்கிடுச்சு போல' என்று நினைத்தாள். நினைத்ததும் நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தகரச் சத்தமும் நின்றது. எட்டிப் பார்த்தாள். கூரையில் இல்லை. மரத்திலும் இல்லை, சுவரிலும் இல்லை. கண்ணெதிரே இருந்தபோது இருந்த பயத்தைவிட இது மோசமாக இருந்தது.

ஆதவனைக் கட்டிலில் கிடத்திவிட்டு, அவன் துணிகளை அலசக் குளியலறைக்குள் போனாள். ஜூஸுக்கு ஐஸ் எடுக்கப் பின்கதவு வழியாக வந்துபோன மாறன் தாழ்ப்பாள் போடாமல் போனது அவளுக்குத் தெரியாது. துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குரங்கு கட்டிலில் உட்கார்ந்திருந்தது. ஆதவன் அதன் மடியில் இருந்தான்.

அவன் அழவில்லை. விழித்துக்கொண்டு, தன் மேல் குனிந்திருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரங்கு ஒரு கையால் அவனை மார்போடு அணைத்து, மறு கையால் அவன் தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அருணாதேவி ஒரு அடி எடுத்து வைத்தாள். அது பல்லைக் காட்டியது. பிடி இறுகியது. ஆதவன் முகம் அழுகைக்குக் கோணியது.

அவள் அடியைப் பின்னால் வைத்தாள். கத்தினால் மிரளும், மிரண்டால் கடிக்கும். வெளியே பாதையில் "அண்ணாமலைக்கு அரோகரா" என்று ஆயிரம் தொண்டை கத்திக்கொண்டிருந்தது.

மறுபடி ஐஸுக்கு வந்த மாறன் அவள் தோளுக்கு மேல் பார்த்துவிட்டான். அவன் வாய் திறப்பதற்குள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"குட்டிய எடுத்துக்கினு வாங்க" என்றாள், மூச்சுக்காற்றிலேயே. "கூண்டோட எடுத்துக்கினு வாங்க. சீக்கிரம்."

அவன் போனான். சீக்கிரம் வரவில்லை. வந்தபோது கூண்டின் மேல் சாக்கு அப்படியே இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சாக்கை விலக்கினாள். குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. வாழைப்பழம் உரிக்கப்படாமல் பக்கத்தில் கருத்துப் போயிருந்தது.

இதைப் பார்த்தால் அது என் பிள்ளையை என்ன செய்யும்? இந்தக் கேள்வியைத் தவிர அவள் மண்டையில் வேறொன்றும் இல்லை.

"வேணாம் அருணா. நான் கட்டை எடுத்துட்டு வர்றேன்."

"நகராதீங்க."

கூண்டைத் திறந்து குட்டியை எடுத்தாள். கொட்டகைச் சூட்டில் உடம்பு இன்னும் கொதித்தது. கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

குரங்கு பார்த்தது. ஆதவனை மடியிலிருந்து இறக்கி மெத்தையில் விட்டது. குட்டியை இழுத்து முகர்ந்தது. அதன் கையைத் தூக்கி விட்டது, கை விழுந்தது. மறுபடி தூக்கியது, மறுபடி விழுந்தது. பிறகு நிமிர்ந்து அருணாதேவியைப் பார்த்தது. இப்போது பாயும் என்று நினைத்தாள். 'பாயட்டும், என்னைக் கடிக்கட்டும், அவனை விட்டுடட்டும்' என்று வேண்டிக்கொண்டாள். குரங்கு பாயவில்லை. குட்டியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி, அடுப்படி வழியாக வெளியே போனது.

அருணாதேவி பிள்ளையை வாரி எடுத்தாள். உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவன் அப்போதுதான் வீறிட்டு அழ ஆரம்பித்தான். அவள் தரையிலேயே உட்கார்ந்து மார்பில் சேர்த்துக்கொண்டாள். மாறன் பின்கதவைத் தாழ் போட்டான், இழுத்துப் பார்த்தான், மறுபடி இழுத்துப் பார்த்தான்.

ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுற்றுச்சுவர் தெரிந்தது. குரங்கு அதன் மேல் உட்கார்ந்து குட்டியின் தலையைத் தன் மார்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. தலை சரிந்தது. எடுத்து மறுபடி வைத்தது. பாதையில் போன யாரோ ஒரு பழத்தை நீட்டினார்கள். அது வாங்கவில்லை.

செல்போன் அடித்தது. மாறன் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"அக்கா, கோபி பேசறேன். விடிஞ்சதும் வண்டியோட வந்துடறேன். வெயில் ஜாஸ்தியா இருக்குதே, குட்டிக்குத் தண்ணி கிண்ணி வெச்சீங்களா?"

ஆதவன் மடக்கு மடக்கென்று பால் குடித்துக்கொண்டிருந்தான்.