வர்க்கலைக்கு ஏற்ற மாதம்

கடலுக்குப் போக எந்த மாதம் உத்தமம் என்று ஆராய்ந்தே சாய்க்கு மூன்று வருடம் ஓடிவிட்டது. கழக்கூட்டம் ஃபிளாட்டின் ஹாலில் போனும் கையுமாக நடந்துகொண்டே இருப்பான். டிசம்பரில் கூட்டம் நெரியும். ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஜூனில் போகிறவன் பைத்தியக்காரன். வர்க்கலை கடற்கரையில் ரூம் போடுவான். மறுநாளே வானிலையைப் பார்த்துவிட்டு ரத்து செய்வான்.

அன்று ஜூன் மழை கொட்டித் தீர்த்தது.

"ப்ரியா, பிப்ரவரிதான் பெஸ்ட்!" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினான்.

வாசல் கதவு திறந்தது. மனைவி விஷ்ணுப்ரியா சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். கால் நிறைய மணல்.

"இந்த மழையில எங்க போன?"

"வர்க்கலைக்கு. காலம்பறவே பஸ் ஏறிட்டேன். பத்து மணிக்கு ஜனவரின்னு கத்தியிருப்பேள், அப்பவும் நான் இங்க இல்லை, கேட்டேளா."