பீர் பார்லிக்கு எத்தனை டிகிரி

தானியம் உலர்த்தும் இயந்திரங்களுக்கு கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்தில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவர்கள் நானும் டார்சியும். அவன் பண்ணையில் பிறந்தவன். நிலத்தை அக்கா லரீசாவிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்தவன். அந்த அக்காவின் பீர் பார்லிதான் நாளைக் காலை எங்கள் புது புரோகிராமில் முதலில் காயப்போகிறது. சூடு மிஞ்சினால் விதை செத்துவிடும். முளைக்காத பார்லியை பீர்க்காரன் தொடமாட்டான். வருஷ உழைப்பு மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

‘தானியம்’ என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை, அதாவது எல்லாத் தானியத்துக்கும் பொதுவான தாய் அச்சை, எழுதியது நான். அதில் சூட்டின் உச்ச அளவை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்தேன். அதன் பிள்ளைகளாக வரும் கோதுமையும் ஓட்ஸும் தங்கள் எண்ணைத் தாங்களே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், எழுதியதைச் சரிபார்த்து ஓடவிடும் கம்பைலர் விடாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மத்தியானம் சோதித்துப் பார்த்தால், திரையில் பீர் பார்லிக்கு எண்பது டிகிரி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டார்சி, பீர் பார்லியை யாருக்குப் பிள்ளையா வச்சே?”

“தீவனப் பார்லிக்கு. ரெண்டும் பார்லிதானே? நாலு வரி மிச்சம்.”

“நல்லா மிச்சம் புடிச்ச போ! தீவனத்தோட எண்பது அப்படியே இதுக்கும் வந்துடுச்சு. அதான் கம்பைலர் வாயே தொறக்கல. நாளைக்கு உங்கக்கா உன்னைத்தான் காயப்போடுவா.”

‘பார்லி’ என்று இன்னொரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எழுதினேன். சூட்டை அங்கேயும் வெறுமையாக விட்டு, இரண்டு பார்லிகளையும் அதன் பிள்ளைகளாக்கினேன். தீவனம் தன் எண்பதை வைத்துக்கொண்டது. பீர் பார்லிக்கு எண் எங்கே என்று கம்பைலர் உடனே சிவப்பு எழுத்தில் கத்தியது. ஒரு சிவப்பு வரியைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

“எத்தனை போடணும்?” என்றேன்.

டார்சி காபிக் கோப்பைக்குள் பார்த்தான். “தெரியாது.”

“பண்ணைக்காரராம்! அக்காவுக்குப் போன் போடு.”

“அவகிட்டயா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.”

“காட்டட்டும். பார்லி அவளோடது. போடு.”

போட்டான். அவன் கேட்டதும், ஸ்பீக்கரில் அறுவடை இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே லரீசாவின் குரல் வந்தது. “நாப்பத்தி மூணு! அதுக்கு மேல ஒரு டிகிரி போச்சு, தோலை உரிச்சுடுவேன்.”

இரைச்சல் நின்றது. இயந்திரத்தை அணைத்துவிட்டாள்.

“டார்சி, நீ போயி பதினோரு வருஷமாச்சு. பண்ணையைப் பத்தி நீ என்னைக் கேட்ட முதல் கேள்வி இது. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. பெரோகிக் கொழுக்கட்டை பண்றேன்.”

“வரேன்க்கா.”

நாற்பத்து மூன்றை அடித்தான். சிவப்பு வரி மறைந்தது. அவன் மூக்கு மட்டும் சிவந்திருந்தது. அவனைச் சீண்ட நல்ல சந்தர்ப்பம்தான், ஆனால் நான் அவன் கோப்பையில் காபியை நிரப்பி வைத்தேன்.