இடதுபக்கத்து நீலம்

தபித்தாள் போர்வையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஆணிக்கு இடம் தேடினாள். சுவரில் பாதிக்கு மேல் நீலம் ஏறியிருந்தது. மீதி வெறும் பட்டி பூசிய வெள்ளை.

“அண்ணி, ஊட்டுக்குச் சனம் வர்ற நேரத்துல செவுரு இப்பிடிக் கெடந்தா நல்லாவா இருக்கும்? மூடிப்போடலாம்.”

பிரிஸில்லா பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன சேலையிலேயே இருந்தாள். காலை பத்தே முக்காலுக்கு அவள் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கணவர் பவுல்ராஜை அங்கேயே குளிர் அறையில் வைத்திருந்தார்கள். மகன் ஜினோ பெங்களூரிலிருந்து வந்து சேர ஆறு மணியாகும். அதன் பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

பெட்டியை வைக்க இந்த முன்னறையை விட்டால் வேறு இடம் கிடையாது. அறை காலியாகத்தான் இருந்தது. சோபாவையும் டிவி மேஜையையும் பெயிண்ட் வேலைக்காக அவரே நேற்று உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்.

“கந்தன் போயிட்டாரா?”

“வெளியதான் உக்காந்திருக்காரு. போங்கன்னு சொன்னாலும் போக மாட்டேங்கறாரு.”

பெயிண்டர் கந்தன் படிக்கட்டில் இருந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. காலையில் பவுல்ராஜ் மயங்கிச் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தவர் அவர்தான். பிரிஸில்லாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“மீதியை அடிச்சிருவீங்களா?”

“இன்னைக்குங்களா டீச்சர்?”

“ஆறு மணிக்குள்ள.”

அவர் வானத்தைப் பார்த்தார். “அடிச்சிர்லாமுங்க. ஆனா இந்த மழைக்குக் காயாதுங்க. நாளைக்குக் காலைல வரைக்கும் ஈரம் நிக்கும்.”

“நிக்கட்டும்.”

தபித்தாள் போர்வையை அவிழ்த்து மடித்தாள்.

பவுல்ராஜ் அருவங்காட்டில் தொழிற்சாலை வேலையிலிருந்து போன ஏப்ரலில் ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடமும் குவார்ட்டர்ஸ் வாசம். சில வருடங்களுக்கு ஒருமுறை ஆட்கள் வருவார்கள், அதே வெளிர்மஞ்சளை அடித்துவிட்டுப் போவார்கள். என்ன நிறம் வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. காந்தலில் இந்த வீட்டுக்கு வந்த பிறகு, முன்னறைக்கு நீலம் என்று அவர் ஒரே நாளில் முடிவுசெய்துவிட்டார். எந்த நீலம் என்பதில்தான் மாட்டிக்கொண்டார்.

கடையில் சாம்பிள் வாங்கிவந்து, சுவரில் நோட்டுப்புத்தக அளவுக்கு இரண்டு கட்டம் பூசினார். ஒன்பது நாள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி தம்ளரோடு நின்று பார்த்தார். ட்யூப்லைட்டைப் போட்டும் அணைத்தும் பார்த்தார். பனிமஞ்சு இறங்கும்போது ஒருதரம், வெயில் வந்தால் ஒருதரம்.

“காலைல பாத்தா எடது நல்லாருக்கு பிரிஸி. சாயங்காலம் வலது.”

அவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. “ம்” என்பாள். நேற்று மாலை அவர் திரும்பவும் வந்து நின்று கேட்டபோது, பதில்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “எடது.”

“நெசமாவா?”

“ஆமாங்க. எடதுதான்.”

“அப்ப முடிஞ்சுது போ” என்றார். அவ்வளவு சந்தோஷம் அவர் குரலில். கடை சாத்துவதற்குள் போக வேண்டுமென்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் அடுத்த தாளைத் திருப்பினாள்.

கந்தன் ரோலரை நனைத்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பிரிஸில்லா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. சமையலறையில் தபித்தாள் போனில் யாருக்கோ தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்க்காமலே கந்தன் பேசினார். “காலைல வந்தொடனே சார் சொன்னாருங்க. ‘கந்தா, பாத்து அடி, டீச்சர் எடுத்த கலரு. ஒம்போது நாளா நான் கெடந்து தவிச்சேன், அவ ஒரே வார்த்தைல சொல்லிட்டா’ன்னு. பெருமையாச் சொன்னாருங்க.”

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

இடதுபக்கத்துக் கட்டம் காலையிலேயே பெயிண்டுக்குள் போய்விட்டது. வலதுபக்கத்துக் கட்டம் மட்டும் வெள்ளையின் நடுவில் தனியாக இருந்தது. ரோலர் அதை நெருங்கியபோது பிரிஸில்லா எழுந்தாள்.

“ஒரு நிமிஷம் கந்தன்.”

அவர் விலகி நின்றார். அவள் சுவருக்கு ஒரு முழத் தூரத்தில் போய் நின்றாள். முதலில் ஈரமும் காய்ந்ததும்தான் வேறுபட்டுத் தெரிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்ற பிறகு நிறம் பிரிந்து வந்தது. அடித்திருந்த நீலம் பளிச்சென்று இங்க் போல இருந்தது. கட்டத்தில் இருந்த நீலத்தில் லேசான சாம்பல் கலந்திருந்தது. மழை விட்டபின் எதிர்மலை தெரியும் நீலம் அது. கேட்டிருந்தால் அதைத்தான் அவள் சொல்லியிருப்பாள். கேட்டார்தான்.

“என்னங்க டீச்சர், மாத்தோணுங்களா? கடை தொறந்துதான் இருக்கும். நான் போய்ச் சொல்லி வேற கலந்துட்டு வந்தர்றேன்.”

“வேண்டாம்.”

“ஒரு மணி நேரந்தானுங்க ஆகும்.”

“வேண்டாங்க. அடிங்க.”

ரோலர் மேலே ஒருமுறை போய்க் கீழே வந்தது. கட்டத்தின் விளிம்பு இன்னும் கோடாகத் தெரிந்தது. மறுபடி ஓட்டியதும் அதுவும் இல்லை.

ஆறரை மணிக்குக் கொண்டுவந்தார்கள். ஆயர் ஜெபம் செய்தார். சபையார் சுவரைத் தொடாமல் நெருக்கிக்கொண்டு நின்று பாடினார்கள். பெயிண்ட் வாசனையில் ஊதுபத்தி வாசனை தெரியவே இல்லை. பக்கத்து வீட்டு அன்னக்கிளி வந்து பிரிஸில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“கலரு நல்லாருக்குங்க டீச்சர். சார் எடுத்ததுங்களா?”

“இல்ல” என்றாள் பிரிஸில்லா. “நான் எடுத்தது.”

ஜினோ அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தான். பெங்களூரிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வந்தவன். பாட்டு முடியும்போது கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தான். நிமிர்ந்தபோது வெள்ளைச் சட்டையின் வலது தோள் முழுக்க நீலம். தபித்தாள் துணியை எடுத்துக்கொண்டு எழப்போனாள். பிரிஸில்லா அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. மாற்றுத்துணி எடுத்து வரவில்லை என்று ஜினோ அதே சட்டையோடு பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கல்லறைத் தோட்டத்துக்கு ஏற்றம் அதிகம். பின்னால் குடையோடு நடந்த பிரிஸில்லா வழுக்கும் பாதையைப் பார்க்கவில்லை. பெட்டிக்குக் கீழே ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்த அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.